சர்க்கரைப் புண்ணுக்கு முதலில் கல்ச்சர்

நவம்பர் 14 உலக சர்க்கரை நோய் நாள். நான்கே நாள் கழித்து, 18-ஆம் தேதி, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளுக்கான உலக விழிப்புணர்வு வாரம் தொடங்குகிறது. ஒரே மாதத்தில் இப்படி அடுத்தடுத்து வந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. முதல் நாளில் அரிசி, இனிப்பு, நடைப்பயிற்சி என்று பேசுகிறோம். அடுத்த வாரத்தில் பெரிய மருத்துவமனைகளின் ஐ.சி.யு., ஆய்வகம், கடைசிக்கட்ட மருந்து என்று பேசுகிறோம். பேசுகிற மருத்துவர்கள் வேறு, பணம் ஒதுக்குகிற தலைப்பு வேறு. ஆனால் சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர், தலைவாசல் மாதிரியான ஊர்களிலிருந்து பார்த்தால் இரண்டு பிரச்சினையும் ஒரே ஆளின் ஒரே காலில்தான் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாமல் ஓடும் உடம்பில் ஒரு புண் வருகிறது. அதற்கு எந்தக் கிருமி காரணம் என்று யாரும் பார்க்காமலே மாத்திரை மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்தக் கிருமி பல மருந்துகளைப் பார்த்துப் பழகியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளாத வரை இரண்டிலும் தோற்போம் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. அந்த ஒரே வேலையின் முதல் படி ஒரு புதிய மருந்து அல்ல. சீழையும் சிறுநீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமியை வளர்த்துக் கல்ச்சர் பார்க்கும் பழக்கத்தை வட்ட அளவிலான ஊர்களுக்குக் கொண்டுவருவது.

முதலில் சர்க்கரையின் அளவைப் பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் டாக்டர் வி. மோகன் குழுவும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. என்னை அதைவிட உலுக்கிய எண் தமிழ்நாட்டுக்குள்ளேயே 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில் இருக்கிறது. பெரியவர்களில் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம் மட்டுமே. பத்துப் பேருக்கு ஒருவர்! அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதற்குப் பிறகு எடுத்த கணக்கில் கட்டுக்குள் இருப்பவர்களின் பங்கு கூடியிருக்கிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் கட்டுப்படாதவர்களே இன்னும் பெரும்பான்மை. நம் பக்கத்தில் அவர்களில் பலர் மரவள்ளிக் காட்டிலும் சோளக் காட்டிலும் வரப்பிலும் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்கள்.

சர்க்கரை கூடிய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்தைத் தேடிப் போவதும், போய் அதை விழுங்குவதும் குறைகிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகிறது. முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது, சாயங்காலம் காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். ரத்தக் குழாயும் சுருங்கிப் போயிருந்தால் அந்தப் பாதத்துக்கு வெள்ளை அணுவும் சரியாகப் போய்ச் சேராது, விழுங்கிய மாத்திரையும் சரியாகப் போய்ச் சேராது. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிருமியைக் கொல்லப் போதாத அளவு மருந்து புண்ணுக்குள் போனால், பலவீனமான கிருமிகள் சாகும், மருந்தைத் தாங்கக்கூடியவை மிஞ்சும். மிஞ்சியவைதான் பெருகும். மூன்று நாள் அமாக்ஸிசிலின், ஆறவில்லை என்று ஐந்து நாள் சிப்ரோஃப்ளாக்சசின், பிறகு செஃபிக்சைம், பிறகு ஊசி. இப்படி ஒவ்வொரு மாற்றமும் ஒரு சல்லடை. சர்க்கரை உள்ளவருக்குப் புண், நீர்க்கடுப்பு, தோல் கட்டி எல்லாம் மற்றவர்களைவிட அடிக்கடி வருவதால் அவர் இந்தச் சல்லடைகளை வாழ்நாளில் பலமுறை தாண்டுகிறார். மருத்துவமனைப் படுக்கையிலும் அதிக நாள் இருக்கிறார், அங்கிருக்கும் முரட்டுக் கிருமிகளையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு வருகிறார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுப்படாத சர்க்கரை ஆன்டிபயாட்டிக் செலவைக் கூட்டுகிறது, அந்தச் செலவு கிருமியை வலுவாக்குகிறது, வலுத்த கிருமி அடுத்த புண்ணை ஆறவிடாமல் செய்கிறது. இந்தச் சுழற்சியைத்தான் இரண்டு தனித்தனிக் கோப்புகளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கிருமிப் பக்கத்து வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த என்.டி.எம்.-1 ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனம் என்ற மிக வலுவான மருந்து வகையையே உடைத்துப்போடும் நொதியைச் சுமந்த கிருமிகள் சென்னை மாதிரிகளில் 44-லும் ஹரியாணா மாதிரிகளில் 26-லும் பிரிட்டன் மாதிரிகளில் 37-லும் இருப்பதை அந்த ஆய்வு காட்டியது. அந்த நேரத்தில் நாடு முழுவதும் எழுந்த கோபமெல்லாம் அந்த நொதிக்குப் புதுதில்லியின் பெயர் வைத்ததைப் பற்றித்தான் இருந்தது. நோயாளிகளைப் பற்றிய கவலை பின்னால் போய்விட்டது. நல்லவேளையாக இரண்டே ஆண்டில், 2012-ல், டாக்டர் அப்துல் கஃபூர் முன்னெடுப்பில் மருத்துவர் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை எழுதின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-ல் ஓர் ஆய்வக வலையமைப்பைத் தொடங்கி, ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. வேலூர் சி.எம்.சி. அதில் முக்கிய மையம். அந்தக் கணக்கின்படி இ.கோலை கிருமிகளில் 2017-ல் நூற்றுக்கு 81 இமிபெனம் என்ற கார்பபெனம் மருந்துக்குக் கட்டுப்பட்டன. 2023-ல் அது சுமார் 63. ஆறே வருடம்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு பயமுறுத்த நான் விரும்பவில்லை. காரணம் உண்டு. இந்த வலையமைப்பில் இருப்பவை பெரிய பயிற்சி மருத்துவமனைகள். அங்கே கல்ச்சருக்கு வருகிற மாதிரி பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்து தோற்றுப்போன நோயாளியுடையது. கெங்கவல்லியில் முதல்முறையாக நீர்க்கடுப்பு என்று வருகிற ஒரு பெண்ணின் சிறுநீரில் இருக்கும் இ.கோலை இந்த அளவுக்கு முரடாக இருக்க வேண்டியதில்லை. எளிய, மலிவான மருந்தே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் அவருக்கு எதிரே இருக்கும் மருத்துவர் கையில் இருப்பது பெரிய மருத்துவமனையின் எண், அல்லது மருந்து கம்பெனி பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போன அட்டை. அதனால் அவர் பாதுகாப்புக்காக வலுவான மருந்தை எழுதுகிறார். நம் ஊர்க் கிருமியின் கணக்கு நம்மிடம் இல்லாததாலேயே தேவையில்லாத வலுவான மருந்து நம் ஊருக்குள் வருகிறது. கல்ச்சர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்: அது பயத்தை மட்டுமல்ல, பல நேரம் நிம்மதியையும் தரும்.

கல்ச்சர் என்பது என்னவோ பெரிய ராக்கெட் வேலை இல்லை. மாதிரியை ஊட்டச்சத்துள்ள அகார் தட்டில் தேய்த்து உடல் வெப்பநிலையில் ஒரு நாள் வைத்தால் கிருமி புள்ளி புள்ளியாக வளரும். அதை எடுத்து வேறு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறிய காகித வில்லைகளை மேலே வைத்து இன்னொரு நாள் விட்டால், எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ அந்த மருந்து வேலை செய்யும். வளராத வட்டத்தின் விட்டத்தை அளவுகோலால் அளக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் முடிவு. இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் படிதான், மாதிரி எடுப்பது. புண்ணின் மேல்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் கிருமிகளெல்லாம் வளர்ந்து, புண்ணைத் தின்னும் கிருமி எது என்று தெரியாமல் போகும். புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்து, அடியிலிருந்து சிறு துணுக்குச் சதை எடுத்து அனுப்ப வேண்டும். மாத்திரையின் முதல் வேளைக்கு முன்பே எடுக்க வேண்டும். இதற்கு வேண்டியது பயிற்சியும் பத்து நிமிடமும். மேல்நாட்டுப் பாடநூல்களில் கால்புண் என்றால் முதலில் ஸ்டெஃபைலோகாக்கஸ்தான் வரும். நம் நாட்டு ஆய்வுகளில் சூடோமோனாஸ், இ.கோலை, க்ளெப்சியெல்லா மாதிரியான குடல், நீர், மண் சார்ந்த கிருமிகள் முன்னால் நிற்கின்றன. வேறு நாட்டுப் புண்ணுக்கு எழுதிய மருந்துவரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே எழுதினால் எப்படி ஆறும்?

கல்ச்சருக்கு இணையாக முக்கியமானது, எப்போது ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்று தெரிந்திருப்பது. சீழ், சிவப்பு, வீக்கம், சூடு இல்லாத சுத்தமான சர்க்கரைப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்பது பாத சிகிச்சைக்கான உலக வழிகாட்டுதல். அழுத்தத்தைக் குறைப்பது, செத்த தோலை நீக்குவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது, இவைதான் அங்கே மருந்து. சிறுநீரிலும் இதே கதை. சர்க்கரை உள்ள பெண்களில் பலருக்கு எரிச்சலோ காய்ச்சலோ எதுவுமில்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தால் நன்மை உண்டா என்று பார்த்த சோதனையின் முடிவு 2002-ல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பின்னால் தொற்று குறையவில்லை, அவர்கள் விழுங்கிய ஆன்டிபயாட்டிக்தான் கூடியது. ஆகவே உடம்புக்கு ஒன்றும் இல்லாதவரின் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பக் கூடாது. கல்ச்சர் வேண்டும் என்று கேட்கிற நானே இதை அழுத்திச் சொல்கிறேன். கண்டபடி சோதனை எடுத்தால் அதுவும் தேவையில்லாத மாத்திரையில்தான் போய் முடியும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மருத்துவர்கள் சொல்லும் முதல் பதில், கல்ச்சர் முடிவு வர மூன்று நாளாகும், அதுவரை நோயாளியைச் சும்மா வைத்திருக்க முடியுமா என்பது. முடியாது, வைத்திருக்கவும் வேண்டாம். மாதிரியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கலாம். முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றலாம், எளிய மருந்துக்கு இறங்கலாம், நிறுத்தவும் செய்யலாம். காய்ச்சலும் நடுக்கமும், வேகமாகப் பரவும் சிவப்பும், கறுத்துப்போன விரலும் இருந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது, ஆத்தூருக்கோ சேலத்துக்கோ உடனே போக வேண்டும். இந்த அவசர நிலையைக் காரணம் காட்டி, மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்களுக்கும் கல்ச்சர் எடுக்காமல் விடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். மாதக்கணக்கில் மருந்து மாற்ற நேரம் இருந்தவர்களுக்கு மூன்று நாள் ஒரு தடையே இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் நம் பகுதிக்கே உரியது. பக்கத்தில் நாமக்கல், முட்டைக் கோழி வளர்ப்பில் நாட்டுக்கே முன்னோடி. கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை விட்டுவிட்டுச் சர்க்கரைக்காரர் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். மனிதனுக்குக் கடைசிக்கட்ட மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்து கொடுத்த காலம் இருந்தது. அதை எதிர்க்கும் திறன் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று சீன ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளில் கொலிஸ்டினைத் தடை செய்தது. பஞ்சாபில் 18 கோழிப் பண்ணைகளில் எடுத்த ஆய்வு 2017-ல் வெளியானது. கறிக்கோழிப் பண்ணைக் கிருமிகளில் 87 சதவீதமும் முட்டைக்கோழிப் பண்ணைக் கிருமிகளில் 42 சதவீதமும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் நொதியோடு இருந்தன. இரண்டு வகைப் பண்ணைகளையும் ஒரே மாதிரி பேசக் கூடாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தலைவாசலில் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமே வந்துவிட்டது. பண்ணைக் கிருமியையும் மனிதக் கிருமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான மாவட்டங்கள் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் ஒப்பிட வேண்டுமென்றால் மனிதப் பக்கத்துக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கல்ச்சரிலிருந்துதான் வரும். கோழியைப் பற்றிய கவலையும் கடைசியில் நம்மை அதே ஆய்வக வாசலுக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதால்தான் சர்க்கரை நோயே வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில் மருந்துச் சீட்டுப் பதிவேடுகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில், ஐந்து முறையோ அதற்கு மேலோ ஆன்டிபயாட்டிக் வாங்கியவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் சுமார் ஒன்றரை மடங்கு காணப்பட்டது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிவது காரணமாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை இருப்பது தெரியாமலே பல வருடம் இருப்பவர்களுக்குத் தொற்று அடிக்கடி வரும், அதனாலேயே அவர்கள் அதிக ஆன்டிபயாட்டிக் வாங்கியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். எனக்கு இரண்டாவது விளக்கம்தான் நம் ஊருக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது. ஒரே வருடத்தில் மூன்று முறை கட்டிக்கோ நீர்க்கடுப்புக்கோ மாத்திரை வாங்கும் நாற்பது வயதுக்காரருக்கு நான்காவது மாத்திரைக்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் ஒருவர் இதைச் சொன்னாலே பல பேருக்கு நோய் சில வருடம் முன்னதாகத் தெரிந்துவிடும். தெரிந்தால் பலன் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் 2006 ஆய்வு, சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களிடம் உணவும் உடலுழைப்பும் மாறினால் மூன்று ஆண்டில் நோய்க்குள் விழுபவர்கள் 28.5 சதவீதம் குறைகிறார்கள் என்று இந்தியாவிலேயே நிரூபித்திருக்கிறது.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை நிறுத்தினால் போதாதா? சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து, வலுவான ஆன்டிபயாட்டிக்குகள் பலவும் அடங்கிய ஹெச்-1 அட்டவணை மருந்துகளுக்குச் சீட்டும் தனிப் பதிவேடும் கட்டாயம். கேரளம் 2024 ஜனவரியில் திடீர்ச் சோதனைகளோடு இதை உறுதியாகப் பிடித்தது. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பச்சைமலை அடிவாரத்துக் குக்கிராமத்தில் இரவு எட்டு மணிக்குக் காய்ச்சல் வந்தவருக்கு அருகில் இருப்பது மருந்துக்கடைதான், மருத்துவர் இல்லை. மாற்று வழி காட்டாமல் கடையை மட்டும் இறுக்கினால் ஏழைக்கு மருந்தும் போகும், கூடவே சட்டத்தை மீறும் கடைக்கு விலையும் ஏறும். கட்டுப்பாடும் சோதனை வசதியும் ஒன்றாக வர வேண்டும்.

புது மருந்து வந்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம் 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் அது ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கானது. எந்த நோயாளிக்கு அது வேண்டும் என்று தெரியக்கூட முதலில் கல்ச்சர் வேண்டும்.

செலவைப் பற்றி எழும் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் காசநோய்த் திட்டம். சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. ராயபுரம் எம்.வி. மருத்துவமனையின் டாக்டர் விஜய் விஸ்வநாதன் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் 25.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதனால் இன்று காசநோயாளிக்குச் சர்க்கரையும் சர்க்கரை நோயாளிக்குச் சளியும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சளி மாதிரியை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சோதனைக் கூடத்துக்கு எடுத்துச் செல்லும் ஏற்பாடும் நடக்கிறது. இரண்டு நோயை ஒரே கோப்பில் வைக்க முடியும் என்பதற்கு நம் கண் முன்னால் இருக்கும் சாட்சி இது. அதே வண்டியில் சீழும் சிறுநீரும் போகலாம். கெங்கவல்லியிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி சுமார் 70 கிலோமீட்டர். சிறுநீர் மாதிரியைக் குளிரில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். தடுப்பூசி வைக்கும் பெட்டியில் இதை வைக்கக் கூடாது, தனியாக ஒரு சின்ன குளிர்பெட்டி வேண்டும். புதிதாகக் கட்ட வேண்டியது அவ்வளவுதான். வட்டார அளவில் பொது சுகாதார ஆய்வகங்களுக்கு மத்திய அரசு 2021-லிருந்தே பணம் ஒதுக்குகிறது. அந்த ஆய்வகங்களின் வேலைப் பட்டியலில் மாதிரி அனுப்பும் வேலையையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

சேலத்திலிருந்து முடிவு திரும்பி வரும்போது அது நோயாளியின் கையில் மட்டும் போய் நிற்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த வட்டத்து முடிவுகளைத் தொகுத்து, சிறுநீரில் இந்தக் கிருமி, இந்த மருந்து நூற்றுக்கு இத்தனை பேருக்கு வேலை செய்கிறது என்று ஒரு பக்கம் அச்சடித்து அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் மருந்துக்கடைக்கும் கொடுக்க வேண்டும். ஒரு கிருமிக்கு 30 மாதிரியாவது சேர்ந்தால்தான் அந்தச் சதவீதத்தை நம்பலாம் என்பது ஆய்வக விதி. மாத்திரைப் பெட்டியோடு வீட்டுக்கு வரும் 'மக்களைத் தேடி' தன்னார்வலர் அக்கா ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து முடித்ததும், காலை நீட்டுங்க அம்மா என்று சொல்லி விரல் இடுக்கையும் குதிகாலையும் ஒரு பார்வை பார்த்தால், அந்த 30 மாதிரியில் பாதி, புண் சிறிதாக இருக்கும்போதே வந்து சேரும்.